மூன்றாவது கேள்வி

தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு
அதன் இடத்தில் எங்கள் மேசை.
தரையில் எண்ணெய்க் கறை.
நவம்பர் குளிரில், காலை ஏழு மணிக்கு,
நாற்பது பேனாக்களை எண்ணி வைத்தேன்.

வாக்குச்சீட்டின் பின்புறம் மூன்றாவது கேள்வி:
செல்லாமற்போன வாசகங்களை
மாநில அரசமைப்பிலிருந்து நீக்கலாமா?
எந்த வாசகங்கள் என்று சீட்டில் இல்லை,
பிரிவு எண் மட்டும்.
எனக்கு அந்த எண் தெரியும்.
அந்த எண்ணுக்கு அஞ்சித்தான்
அப்பா ஆல்டனும் அம்மா க்ரேட்டாவும்
ஆற்றுப்பாலம் தாண்டி அடுத்த மாநிலத்தில்
மோதிரம் மாற்றிக்கொண்டு திரும்பினார்கள்,
அம்மா பின் இருக்கையில், போர்வைக்குள்.
அவர் நிறம் வேறு, அவள் நிறம் வேறு.
இரண்டுக்கும் நடுவில் நான்.

நீதிமன்றம் அதைக் கொன்று ஐம்பது வருடத்துக்கு மேல்.
"செத்த பாம்பை எதுக்கு அடிக்கணும்?"
என்றாள் பெயர்ப் பட்டியல் பார்க்கும் லொரெட்டா.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, சரி.
ஆனால் ஏட்டில் அது காய்த்துக்கொண்டே இருந்தது,
ஒவ்வொரு மறுபதிப்பிலும்,
பள்ளி நூலகத்தில் என் மகன்
அந்தப் பக்கத்தைப் புரட்டிய நாளிலும்.

பதினொரு மணிக்கு ஹார்லன் ஸ்ட்ரவுட் வந்தார்,
தொப்பியில் சோளத் தூசு.
என் வீட்டுக் குழாய் உறைந்து வெடித்த இரவில்
கூப்பிடாமலே வந்து நின்றவர்.
சீட்டைத் திருப்பிக் காட்டினார்.
"இந்த மூணாவது என்ன கேக்குது, வெர்லீன்?"

விளக்கம் சொல்லக் கூடாது. விதி.
இந்த விதி இன்னும் சாகவில்லை.
"இருக்கிறதை அப்படியே படிங்க" என்றேன்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
உதடசைத்துப் படித்தார், இரண்டு தரம்.
தடுப்புக்குக் கீழே பூட்ஸ் மட்டும் தெரிந்தது.
ஒரு வட்டத்தை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும்?
அவருக்கு ஆனது.
இயந்திரம் சீட்டை விழுங்கி
எல்லாருக்கும் போடும் அதே சத்தத்தைப் போட்டது.

இரவு, நீளமாய் ஒரு காகித நாடா.
நீக்கலாம்: எண்ணூற்று மூன்று.
இருக்கட்டும்: முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.
"ஜெயிச்சாச்சு" என்று லொரெட்டா கோட்டை மாட்டினாள்.
நான் அந்த இரண்டாவது எண்ணுக்கு
முகங்கள் தேடிக்கொண்டிருந்தேன்.
ஊரில் இருப்பதோ ஒரே மளிகைக்கடை.

பேனாக்களை எண்ணினேன். முப்பத்தொன்பது.

மறுநாள் காலை என் தபால் பெட்டியில்
ஒரு பேனா, அதைச் சுற்றி ரசீதுத் துண்டு:
"தெரியாமல் சட்டைப்பையில் வந்துவிட்டது. ஹார்லன்."

ரசீதின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தேன்.
மை நன்றாகத்தான் வருகிறது.