தெளிவில்லை

நீடாமங்கலம் ரயில்வே கேட்டை ஒட்டி
உரக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ்.
பதினொரு கணினி, ஓர் ஏசி,
யூரியா வாசம்.

படம் வரும். வானத்திலிருந்து எடுத்தது.
எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்கள்.
கட்டம் போட்டுப் பெயர் வைக்க வேண்டும்:
நிலம், நீர், பயிர், கட்டடம், சாலை.
ஐந்தும் பொருந்தாவிட்டால்
ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான்:
தெளிவில்லை.
படத்துக்கு நாற்பது பைசா.

ஒரே படத்தை மூன்று பேர் பார்ப்போம்.
இரண்டு பேர் சொன்னது சரி.
மூன்றாவது ஆளுக்குத் துல்லியம் குறையும்.

புரட்டாசியில் வந்தது அந்தப் படம்.
சேறடித்து, தண்ணீர் கட்டி,
நாற்றுக்குக் காத்திருக்கும் வயல்.
இயந்திரம் முன்கூட்டியே நீலம் பூசியிருந்தது:
நீர், தொண்ணூற்று நான்கு சதவீதம்.
நீர் என்றாள் ஜெனிட்டா. நீர் என்றார் தனுஷ்கோடி.
நான் வரப்பைப் பார்த்தேன். மூலையில்
நாற்றங்கால் பச்சையைப் பார்த்தேன்.
நிலம் என்றேன்.
தவறு.

மறுநாளும் தவறு. அதற்கு மறுநாளும்.
"மெஹருன்னிசா, எதுக்கு யோசிக்கிற?
அதான் மெஷினே சொல்லுதுல்ல" என்றான் இளம்பரிதி.
கெட்டவன் இல்லை. வண்டிக்குத் தவணை கட்டுகிறவன்.

பிறகு நானும் நீர் என்றேன்.
தொண்ணூற்றேழு. ஊக்கத்தொகை முந்நூறு ரூபாய்.
சிவப்பில் ஒரு இயர்போன் வாங்கினேன்.

அதன் பிறகுதான் கவனித்தேன்:
பஸ் கோரையாற்றுப் பாலம் ஏறும் முன்பே
மனசு நீர் என்று கட்டம் போட்டுவிடுகிறது.
கண் பின்னால் வந்து சேருகிறது,
கேட்டில் மாட்டிய மன்னார்குடி பஸ் மாதிரி.

கூத்தாநல்லூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன பையனைப் பற்றி
லாத்தா கேட்டாள், பிடிச்சிருக்கா என்று.
தெளிவில்லை என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அன்றிரவு நான் தூங்கவில்லை.

திரையின் அடியில் ஒரு பெட்டி உண்டு: குறிப்பு.
கட்டாயமில்லை. யாரும் தொட்டதில்லை.
நூற்றிருபது எழுத்துதான் கொள்ளும்.
புள்ளியையும் கொம்பையும் தனித்தனியே எண்ணும் பெட்டி:
கொக்கு எனக்கு மூன்றெழுத்து, அதற்கு ஆறு.

முதல் குறிப்பு இப்படி எழுதினேன்:
நேற்றுவரை நிலம். இன்று கொக்கு நிற்கிற ஆழம்.
பத்து நாளில் பயிர். மூன்றுக்கும் ஒரே பட்டா.

இன்னொரு நாள் மூணாறு தலைப்பு.
ஊர் பெயர் இல்லாமலே தெரிந்துவிட்டது,
வெண்ணாறு வந்து மூன்றாகப் பிரிகிற இடம்.
இயந்திரம் மொத்தத்துக்கும் ஒரே கட்டம் போட்டிருந்தது.
எழுதினேன்: எந்த ஷட்டரை எவ்வளவு தூக்குவது என்று
இங்கே தினமும் ஒருவர் யோசிக்கிறார்.
இன்னும் இடமிருக்கிறது என்றது பெட்டி.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பச்சை என்று எழுதி ஒருமுறை அழித்தேன்.
எந்தப் பச்சை?
நட்ட மூன்றாம் நாள் வெளுத்துத் தள்ளாடும்,
வேர் பிடித்ததும் கருக்கும்.
இது எனக்குத் தெரியும் என்பதே
அழிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

துல்லியம் இப்போது தொண்ணூற்றொன்று.
ஊக்கத்தொகை இல்லை.
"இதையெல்லாம் யாரு படிப்பா?" இளம்பரிதி கேட்டான்.
தெரியாது. மெஷின் படிக்கலாம்.
படிக்காமலும் போகலாம்.
லாத்தாவிடம் பிடிக்கலை என்று சொல்லிவிட்டேன்,
ஏழெழுத்தும் சொச்சமும்.

இன்று காலை ஒரு படம். வயல்மேல் கறுப்பாக ஏதோ.
கட்டடம், எழுபத்தொரு சதவீதம்.
ஜெனிட்டா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்:
"இது என்னடி கட்டடம்,
வரப்புக்கு மேலயே படுத்திருக்கு?"

மேகத்தின் நிழல்.
சொல்ல வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன்.
அவள் திரைக்குக் கிட்டே குனிந்தாள்.
வெளியே கேட் இறங்கியது. வரிசையாக ஆரன்கள்.
எர்ணாகுளம் வண்டியோ, கூட்ஸோ,
எதுவோ வந்து போகட்டும்.
அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.