மிச்சத்தின் கணக்கு

ங எழுத்தில் தொடங்கும் சொல்லைத்
தமிழில் தேடிக் களைத்தவர்கள்
துவாந்தேவுக்கு வாருங்கள்.
இங்கே மீன் என்றாலே ஙா.
என் குளத்தில் கிடப்பது ஙாமிச்சின்,
மற்ற ஊர்களில் ரோகு என்பார்களாம்.
என் குளமென்றா சொன்னேன்?
குளம் ஊ சான் மியிங்குடையது.
கணக்கு நோட்டுதான் என்னுடையது.

மூன்று மூங்கில்,
மூங்கிலுக்கு ஒரு சாக்கு.
சாக்கின் அடியில் கோணி ஊசியால் குத்திய ஓட்டைகள்.
மீன் வந்து வாய் வைத்து உறிஞ்சிக்கொள்ளும்.
உள்ளே ஒரே ஆலைத் தவிடு, ஒரே கடலைப் பிண்ணாக்கு.
எண்ணெய் மட்டும் வேறு.
ஒன்றில் நல்லெண்ணெய்,
ஒன்றில் பாமாயில்,
ஒன்றில் தகர டின்னில் கடலோரத்திலிருந்து வரும்
மீனெண்ணெய், திறந்தால் தெருவுக்கே தெரியும்.

மீன்வளத் துறையிலிருந்து தோ யின் மே வந்தாள்.
"தனபாக்கியம்,
எதைத் தின்றது என்று எழுத வேண்டாம்,
எது மிஞ்சியது என்று எழுது."
சரிதான்.
கலங்கல் தண்ணீரில் தின்றதை யார் கண்டது?
மிச்சம்தான் தராசில் ஏறும்.

முதல் வாரம் மீனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.
ஒன்பதாம் நாள்
எள் கட்டிய மூங்கில் மட்டும் துடித்தது,
பேய் பிடித்தாற்போல.
எள்ளின் நெய்யை எண்ணெய் என்றோம்,
பிறகு எல்லாவற்றையும் எண்ணெய் என்றோம்.
மீன் அப்படி ஏமாறவில்லை.
சாக்குகளை இடம் மாற்றிக் கட்டினேன்.
ஒன்றரை நாள் பழைய மூலையில் முட்டிவிட்டு
எள் இருக்கும் இடத்துக்கே திரும்பி வந்தது கூட்டம்.

இரவுக் காவல் கோ லத்.
கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள் என்றேன்.
எந்த எண்ணெய் என்று கேட்டான்.
பர்மியச் சொல்லில் அந்தப் பேச்சு செல்லவில்லை.

மழை விட்டது, பனி வந்தது.
பாமாயில் சாக்கு
போட்டது போட்டபடி மேலே வரத் தொடங்கியது.
இரண்டு வீசை வைத்தால் இரண்டு வீசை.
தோ யின் மே வட்டம் போட்டாள்:
"விருப்பமில்லை."
ஊ சான் மியிங்கின் முகம் சுருங்கியது,
அவர் வாங்கிக் குவித்திருந்தது அதைத்தான்.

ஒரு விடியலில்
சாக்கைத் தூக்கும்போது என் விரல் ஓட்டையில் பட்டது.
வெள்ளையாக, கட்டியாக,
மெழுகுபோல் ஏதோ.
ஊசியால் குத்தினேன், இறங்கவில்லை.
குளிரில் உறைந்த பாமாயில்.
அப்படியானால் இந்தப் பதினாறு நாளும்
மீன் வேண்டாம் என்று போகவில்லை.
வந்து, உறிஞ்சி, ஒன்றும் வராமல்
அடுத்த சாக்குக்குப் போயிருக்கிறது.

நோட்டின் ஓரத்தில் தமிழில் எழுதினேன்:
ஓட்டை அடைத்திருந்தது.
தமிழ் அவளுக்குத் தெரியாது.

அன்று மாலை சந்தையில் வரிசை.
அரை வீசை பாமாயிலுக்கு மூன்று மணி நேரம்.
எனக்கு முன்னால் நின்ற பெண்
பாட்டிலைக் குழந்தைபோல் இடுப்பில் இடுக்கியிருந்தாள்.
எள் ஒரு கடையில் மட்டும் இருந்தது,
விலை கேட்டுவிட்டு வந்தேன்.
வீட்டில் அப்பளம் பொரித்தேன்.
சுந்தரவேல் சட்டியைச் சோற்றால் துடைத்துத் தின்றான்.
எங்கள் வீட்டில் மிச்சம் கிடையாது.
ஆகவே
பாமாயில் எங்களுக்கு மிகவும் பிடிக்கும் என்று
எங்கோ ஒரு நோட்டில்
யாரோ வட்டம் போட்டிருப்பார்கள்.

தூக்கம் வரவில்லை.
காலையில் தோ யின் மேவைக் குளத்துக்கு அழைத்துப் போய்
அவள் விரலைப் பிடித்து ஓட்டையில் வைத்தேன்.
நெடுநேரம் பேசவில்லை அவள்.
பிறகு பதினாறு நாளையும்
அடித்துக்கொண்டே வந்தாள், ஒரே கோடாக.

ஆணியைக் காய்ச்சி
மூன்று சாக்கிலும் ஓட்டையைப் பெரிதாக்கினோம்.
ஒரே அளவு.
கோ லத் கட்டினான்.
புதிய பக்கத்தில் முதல் நாள் என்று எழுதி
கரையில் உட்கார்ந்தேன்.
பாமாயில் மூங்கில்
மெல்ல அசைந்தது.
காற்றாகவும் இருக்கலாம்.
மாலையில் நிறுத்துத்தான் சொல்ல வேண்டும்.