நூறு மூக்குக்கு நாலு பென்னி

மேசையைச் சுற்றி ஐந்து பேர், ஐந்து கிண்ணம்.
நீலக் கோட்டெல்லாம் பிரிஸ்கில்லாவுக்கு.
குதிரையும் சாணியும் கெஸியாவுக்கு.
மூக்கு எனக்கு.

கறுப்பாய் அச்சான தாள் ஆறு பென்னி,
வண்ணம் ஏறினால் ஒரு ஷில்லிங்.
நூறு மூக்குக்கு நாலு பென்னி எனக்கு.

எழுத்து வராது எனக்கு.
வாயிலிருந்து புகைபோல் கிளம்பும் வரிகளில்
யார் யாரைத் திட்டுகிறார் தெரியாது.
வெக்ஸ்கம் பிரபு,
மூக்குமுட்டக் குடிக்கிற அமைச்சர்,
சிவப்பு வை என்றார்கள்.
வைத்தேன்.

மெழுகுவர்த்திக்கு வரி போட்டபோது பன்றியாய் வந்தார்.
போர் தொடுத்தபோது பீப்பாயாய்.
உடம்பு மாறும், மூக்கு மாறாது.
அந்தப் போருக்குத்தான்
சாராயக் கடை வாசலிலிருந்து
என் புருஷனைக் கப்பலுக்கு இழுத்துப்போனார்கள்.
அவன் மூக்கு எப்படி இருக்கும் என்று
இப்போது கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி சிவப்பு தீர்ந்தது.
கடைக்காரி ஆட்டர்பர்ன் அம்மாள் தூங்கிவிட்டாள்.
விடிந்தால் கண்ணாடி ஜன்னலில் நாற்பது தாள் தொங்க வேண்டும்.
மஞ்சள் இருந்தது.

காலையில் ஜன்னலுக்கு வெளியே தொப்பி மேல் தொப்பி.
“பிரெஞ்சுத் தங்கத்தை மோந்த மூக்கு!”
“இல்லை, ஈரல் போய்விட்டது. ராஜினாமாதான்.”
“யூதாஸின் அங்கி என்ன நிறம், சொல்லுங்கள்?” என்றார் ஒரு பாதிரியார்.
(அவர் சட்டைப்பையை அப்போது ஒரு பையன்
தடவிக்கொண்டிருந்தான்.)
மத்தியானம் காபிக் கடைகளில் பந்தயம்.
வியாழக்கிழமை பிரபு சபையில் எழுந்து
தன் மூக்கின் நிறம் பற்றி
முக்கால் மணி நேரம் விளக்கினார்.
எதிர்வரிசையில் அத்தனை பேரும்
மஞ்சள் கைக்குட்டையில் சிந்தினார்கள்.

படம் வரைந்த க்ராடக்
“யோசித்துத்தான் வைத்தேன்” என்று
இரண்டு விருந்தில் சொல்லிவிட்டாராம்.
நாற்பது தாளைக் கெடுத்ததற்கு
என் கூலியில் பிடித்துக்கொண்டு
இன்னும் நானூறு மஞ்சள் கேட்டாள் கடைக்காரி.

சனிக்கிழமை கொல்லைக் கதவில் ஒரு வேலைக்காரன்,
வெள்ளிப் பொத்தான், கையில் ஒரு கினி.
“பழைய சிவப்பே போதும் என்கிறார் எஜமான்.”

காசு வேண்டாம் என்றேன்.
கப்பலின் பெயரைச் சொன்னேன்.
புருஷன் பெயரைச் சொன்னேன், எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அவன் எழுதிக்கொள்ளவில்லை.
“பார்க்கலாம்” என்றான்.
கினி அவனோடு போயிற்று.

தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குகிறேன்.
மஞ்சள் தொண்டையை அரிக்கிறது.
இன்னும் முந்நூற்றுப் பன்னிரண்டு.