ஐந்தாவது விரல்

பாலிக் பூலாவிலிருந்து திரும்பும் பேருந்தில்
அதற்கென்று சன்னலோரம் ஓர் இருக்கை பிடித்தேன்.
அதற்கும் டிக்கெட்டா என்று
ஓட்டுநர் கண்ணாடிக்குள்ளிருந்து கேட்டார்.
நான் சிரிக்கவில்லை.
அறுபத்தைந்து ரிங்கிட் கொடுத்திருந்தேன்.

மொத்தம் நான்கே இலை.
ஒவ்வொன்றும் வட்டமாய், இஸ்திரி போட்ட பாவாடை மடிப்பாய்,
விளிம்பெல்லாம் யாரோ சின்னக் கத்தரியால்
பொறுமையாய்க் கொத்தியதுபோல்.
மலாயில் பாலாஸ் என்றார்கள்.
தமிழில் பெயர் இருக்கிறதா தெரியவில்லை.
பெரியதைப் பனையளவு என்போமே,
இந்தப் பனை என் இடுப்பளவு.

"நுங்கு காய்க்குமா?"
மாசிலாமணி கேட்டார்.
சுங்கை நிபோங்கிலிருந்து ஜொகூருக்கு
இரவுப் பேருந்து ஓட்டுகிறவர்.
"காய்க்காது."
"கிழங்கு?"
"கிடையாது."
"பிறகு என்னத்துக்கு?"
நான் யோசித்து முடிப்பதற்குள்
அவருக்கு நேரமாகிவிட்டது.

செடி விற்ற சூன் கியாட்
மண் ஒட்டிய விரல்களை மடக்கி மடக்கிச் சொல்லியிருந்தார்:
உச்சி வெயிலில் வைக்காதே.
காற்றுக்குக் கொடுக்காதே, கிழித்துப் போட்டுவிடும்.
குழாய்த் தண்ணீரை ஓர் இரவு வாளியில் தூங்கவிட்டு ஊற்று.
சட்டி மாற்றினால் வேர்மண்ணை உதறாதே,
ஒரு வருடம் முகங்கொடுக்காது.
நான்கு விரல் மடங்கிவிட்டது.
ஐந்தாவது நீட்டியபடியே நின்றது.
அது என்ன என்று கேட்டேன்.
மறந்துவிட்டது என்றார்.

ரெலாவ். பதினேழாம் மாடி.
நடைபாதையில் வைத்த மூன்றாம் நாள்
மலைக்காற்று ஓர் இலையை நாராக்கியது.
பூச்சட்டிகளை அகற்றவும் என்று
நிர்வாகக் குழுவும் கதவில் தாள் ஒட்டியது.
பால்கனியில் மாலை வெயில், விளிம்பு தீய்ந்தது.
கூடத்தில் மின்விசிறி;
விசிறிக்கு விசிறி ஆகவில்லை.

மிஞ்சியது குளியலறை.
பால்கண்ணாடி சன்னல், எந்நேரமும் ஈரம்,
யாரையும் சுடாத வெளிச்சம்.
தேங்காய் நார், கரித்த உமி, கொஞ்சம் மணல்,
அடியில் உடைந்த ஓடு.
முதல் நாள் மாசிலாமணி
துண்டோடு வெளியே வந்து நின்றார்.
"உள்ளே யாரோ இருக்கிற மாதிரி இருக்கு."
மகள் இளவேனில் ஷாம்பு தெறிக்கக்கூடாதென்று
மூலையில் குந்தியே குளித்தாள்.

பெருநாளுக்கு முன்பு பக்கத்து வீட்டுக் காக் ரொஸ்னா
கெத்துப்பாட் மடிக்க இலை கேட்டாள், பாதி விளையாட்டாய்.
மூன்றுதான் இருக்கிறது என்றேன், முழுக்க வினையாய்.
பெருநாளன்று
சந்தையில் வாங்கிய பாலாஸில் மடித்து
சூடாய் நான்கு கொண்டுவந்து கொடுத்தாள்.
சோற்றைத் தின்றுவிட்டு
இலையை நீவி நீவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெந்த பிறகும் மடிப்பு மடிப்பாகவே இருந்தது.

புகைமூட்டம் வந்த மாதம்
நடுவிலிருந்து ஒரு குருத்து,
மூடிய குடையைப்போல.
வாரத்துக்கு ஒரு நகக்கண் அளவு.
நான் பாயான் லெப்பாஸில்
பன்னிரண்டு மணிநேரம் நுண்ணோக்கியில் குனிந்து
முடியைவிட மெல்லிய கம்பிகளில் பழுது தேடுகிறவள்.
பொறுமைசாலி என்றுதான் நினைத்திருந்தேன்.

இரவு வேலை முடிந்த ஒரு விடியலில்,
பசியாறக்கூட இல்லை,
கட்டைவிரல் நகத்தை முதல் மடிப்பில் நுழைத்துப்
பிரித்துப் பார்த்தேன்.

சத்தம் கேட்டது.
சின்னச் சத்தம்தான்.
உள்ளே வெள்ளையாய், ஈரமாய்,
இன்னும் பச்சையாகத் தீர்மானிக்காத ஒன்று.
மன்னிப்புக் கேட்கத் தோன்றியது;
எந்த மொழியில் என்று தெரியவில்லை.
சூன் கியாட்டின் மடங்காத விரல்
அப்போதுதான் மடங்கியது.

நாற்பது நாள் கழித்துத்
தானாக விரிந்தது.
இளவேனில்தான் முதலில் பார்த்தாள், வாயில் பல்துலக்கியோடு.
முழு வட்டம்.
அதில் ஒரே ஒரு கீறல்,
ஒரு கட்டைவிரல் நீளம்.

மாசிலாமணி வேலைக்குக் கிளம்பும் முன்
அதைத் தடவிப் பார்த்தார்.
"இது என்ன கிழிசல்?"
காற்று என்றேன்.
அவர் சன்னலைப் பார்த்தார்.
மூடியிருந்தது.
ஒன்றும் சொல்லாமல்
வாளியைக் குழாயடியில் வைத்து
நாளைக்கான தண்ணீரைப் பிடிக்கத் தொடங்கினார்.