பார்லிக்கு அரை குறைக்கவும்

லியெபாயா துறைமுகம், எடைமேடை அறை.
பழைய கணினி ராத்திரியோடு செத்துப்போனது.
புதியதை ஆறரைக்குள் எழுப்பியாக வேண்டும்.
வெளியே ஆகஸ்ட் மழையில் ஒன்பது லாரிகள்,
முதல் லாரிக்காரன் ஒருமுறை ஹாரன் அடித்தாயிற்று.

விஸ்மாவின் பென் டிரைவில் இரண்டு பொதிகள்:
நான்கு புள்ளி இரண்டு, நான்கு புள்ளி மூன்று.
தானியத்தின் ஈரம் கணக்கிடும் செயலி.
எந்த ஆப் ஸ்டோரிலும் கிடைக்காது.
எழுதிய தாலிஸ் கம்பெனியைக் கலைத்துவிட்டு
அயர்லாந்தில் பஸ் ஓட்டுகிறான்.

புதியதைத்தான் முதலில் சொடுக்கினாள்.
திரை மறுத்தது:
சான்றிதழ் காலாவதி. மார்ச்சோடு.

பழையதைச் சொடுக்கினாள்.
அதே சான்றிதழ், அதே தாலிஸ், அதே இல்லாத கம்பெனி.
மறுபேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்தது.

செய்தி அனுப்பினாள்.
முதல் பஸ்ஸுக்கு எழுந்திருந்தவன் பதில் போட்டான்:

"இரண்டில் நேரமுத்திரை இருக்கிறது.
நான் கையொப்பமிட்ட கணத்தில்
சான்றிதழ் உயிரோடு இருந்ததென்று
என்னைத் தெரியாத ஒரு சர்வர் சாட்சி சொல்லியிருக்கிறது.
மூன்றை முடித்த இரவு புயல், இணையம் இல்லை.
முத்திரையை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன்.
அப்புறம் வரவே இல்லை.
ஆனால் விஸ்மா, மூன்றுதான் சரி.
இரண்டு, பார்லிக்கு அரை சதவீதம் கூட்டிக் காட்டும்."

சரியானது வாசலில் நனைகிறது.
தப்பு உள்ளே வந்து நாற்காலி கேட்கிறது.
யார் எழுதியது, நடுவில் யாராவது கைவைத்தார்களா,
கதவுக்குக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான்.
எழுதியது சரியா என்பது அதன் வேலையில்லை.

கடிகாரத்தைப் பிப்ரவரிக்குத் தள்ளிவிடலாமா?
ஒரு நிமிடம் யோசித்தாள்.
தள்ளினால் ஒன்பது லாரிக்கும்
வயல் உறைந்து கிடந்த மாதத்தில் அறுவடை ரசீது.
கணக்குப் பார்க்கும் அக்னேசே
இதற்கெல்லாம் சிரிக்கிறவள் இல்லை.

மறுபடி ஹாரன்.

பழையதை வைத்தே கேட்டைத் திறந்தாள்.
லாரிக்கும் லாரிக்கும் நடுவில்
ஒரு துண்டுத்தாளில், பென்சிலால்,
'பார்லிக்கு அரை குறைக்கவும்'
என்று எழுதித் திரையோரம் ஒட்டினாள்.
பெயர் போடவில்லை. தேதியும்.

மதிய ஷிப்டுக்கு வந்த யூரிஸ் படித்தான்,
குறைத்தான்.
ராத்திரி ஷிப்டில் யாரென்று தெரியாது,
அவரும் குறைத்திருந்தார்.

செப்டம்பரில் தாளின் ஒரு மூலை பிரிந்து ஆடியது.
மறுநாள் பார்த்தால்
புது டேப்.