என்ஜின் ஆறட்டும்

வந்ததும் கை வைத்தேன்
என்ஜின் மேல்.
சுட்டது.

காலை ஏழரை. கார்த்திகைப் பனி.
ஆறின வண்டியை நான்தான் முடுக்குவேன் என்று
நேற்று இரண்டு முறை போனில் சொல்லியிருந்தேன்.
"பால் வாங்கப் போனனுங்க" என்கிறார் கார்வேந்தன்.
அவர் முதுகுக்குப் பின்னால்
இரண்டு கறவை மாடு.

"ஆறட்டுமுங்க. இருக்கறன்."

"வாங்கறவரு வரலீங்களா?"
"வந்தாச்சுங்க."
என் ஸ்கூட்டிக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு
நாற்காலி எடுக்கப் போனார்.

சோமனூர் தாண்டிக் கிளைச்சாலை.
எட்டுத் தறி தடக்குத் தடக்கென்று அடிக்க
கூடத்துக்கு வெளியே வேம்படியில்
நானூறு சிசி.
மேலுடுப்பே இல்லாத சாதி:
சட்டகம், குழாய், ரேடியேட்டர் எல்லாம் வெளியே.
இதில் ஒளிக்க இடமில்லை என்பார்கள்.
இருக்கிறது. தேடணும்.

திருப்பூரில் எனக்குச் செக்கிங் வேலை, ஒன்பது வருடம்.
டியூப்லைட் மேசையில் பனியனைப் புரட்டி
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்.
ஒரு பீஸுக்கு நாற்பது விநாடி.
இன்றைக்கு அவசரமில்லை.

செயினைப் பின்னால் இழுத்தேன்,
பல்சக்கரத்தை விட்டு விரல்நுனி எழும்பியது.
பற்களெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.
ஃபோர்க் குழாயில் ஈரவளையம்.
துடைத்த துணியின் நூல்
இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
டயரில் காடி ஆழம்தான், ஆனால்
ஓரத்து நான்கு எண்
ஆறு வருடத்துக்கு முந்தின ஏதோ ஒரு வாரத்தைச் சொல்கிறது.
சைடு ஸ்டாண்டில் சாய்த்து முன்சக்கரம் எழ,
ஹேண்டிலை மெல்லத் திருப்பினால்
நட்டநடுவில் ஒரு சின்னப் பள்ளம், கைக்கு மட்டும் தெரிவது.
பைபாஸில் நேரே நேரே ஓடின வண்டி.

அப்புறம் மொபைல் வெளிச்சம், கழுத்துக்கு அடியில்.
ஸ்டாப்பரில் பெயின்ட் நசுங்கி இரும்பு பல்லிளித்தது.
பார் நுனி புதுசு. லீவர் புதுசு. இண்டிகேட்டர் புதுசு.
இடப்பக்கம் மட்டும்.

ஒன்றும் கேட்கவில்லை.
நாற்காலியில் உட்கார்ந்தேன்.
தறி அடித்தது.

எட்டரைக்கு அவரே வந்து எதிரே குந்தினார்.
"திம்பத்துலீங்க. பதினொண்ணாவது வளைவு.
மேல இருந்து கரும்பு லாரி.
வண்டிக்கு எச்சா ஒண்ணுமில்லீங், எனக்குத்தான்."
சட்டைக் கையைச் சுருட்டினார்.
பிளேட் வைத்த முழங்கை.
என் கண் தானாகவே தையலை எண்ணியது: பதினான்கு.
எல்லாம் சீராகத்தான் விழுந்திருந்தது.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது,
மாதாந்திரப் பராமரிப்பு.
எட்டுத் தறியும் ஒரே மூச்சில் நின்றன.
அந்த ஊரில் அத்தனை காக்கை இருப்பது
அப்போதுதான் தெரிந்தது.

மறுபடி கை வைத்தேன். சில்லென்றிருந்தது.
பட்டனை அழுத்தினேன்.
இன்னொரு முறை.
மூன்றாவதில் எடுத்தது,
வலப்பக்கம் கேம் செயின்
காய்ந்த கடலைக்காயைக் குலுக்கினாற்போல்.
பத்து எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது.
ஓ.
பால் வாங்கப் போனது இதற்குத்தான்.
அவர் வேம்பைப் பார்த்தார். நான் மீட்டரைப் பார்த்தேன்.

எங்கள் கம்பெனியில் இரண்டு பெட்டி,
ரிஜெக்ட் ஒன்று, ஆல்டர் ஒன்று.
ரிஜெக்ட் மூட்டை கட்டிக் காதர்பேட்டைக்குப் போகும்.
ஆல்டர் தையல் மேசைக்குத் திரும்பும்.
இது எந்தப் பெட்டி என்று
ஸ்டாப்பரைப் பார்த்தபோது தெரியவில்லை,
முழங்கையைப் பார்த்தபோது பாதி தெரிந்தது.

"ஒண்ணு நாப்பது சொன்னீங்க" என்று விரலை மடக்கினேன்:
செயின் செட், கோன் செட், டயரு, ஃபோர்க் சீல், டென்ஷனர்.
விரல் தீர்ந்துபோனது.
"ஒண்ணு எட்டு."
"ஒண்ணு இருவதுன்னா ஓட்டிட்டுப் போங்க."
"ஒண்ணு பன்னெண்டு. ஆர்சில இருக்கற பேங்க் பேர நீக்கினப்பறம்.
இப்ப அட்வான்ஸ் அஞ்சாயிரம்."

நின்றுபோன தறிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.
சத்தமில்லாததால்
யோசிப்பது கூடக் கேட்டது.

"சரிங்க" என்றவர், பணத்தை எண்ணாமல்,
"சாவி ஒண்ணுதானுங்க இருக்குது.
இன்னொண்ணு அந்த வளைவுலயே போயிருச்சு" என்றார்.

நான் கேட்க மறந்த கேள்வி.

அதற்கு மட்டும்
விலை குறைக்கவில்லை.