பத்து வரை

"ஆம்பிளப் பிள்ளை, பிந்தித்தான் கதைக்கும்" என்று
கிண்ணியாவில் எல்லாரும் சொல்லியாச்சு.
வியாழக்கிழமைகளில் பாலம் கடந்து வருகிறோம்,
அஃப்லால் பஸ் கண்ணாடியை நக்கியபடி.

மிஸ் சவர்க்காரக் குமிழி ஊதுகிறா.
பிறகு ஊதாமல் இருக்கிறா.
"அவராக் கேட்கட்டும். நீங்க பத்து வரை எண்ணுங்க உம்மா."
எனக்கு நாலிலேயே கை நீள்கிறது.
இரண்டரை வருசமாய்
அவன் கேட்குமுன் கொடுத்த கை.

ஏழு மாதம்.
டப்பாவில் உடுப்புக் கிளிப் போடுகிறான், எடுக்கிறான்,
எறிகிறான்.

இன்றைக்குத் திருமலை பஸ் நிலையத்தில்
சோத்துப் பார்சல் தாளைத் தின்றபடி ஒரு புள்ளிமான்.
என் அபாயாவை இழுத்தான்
ஒற்றை விரலை நீட்டினான்
திரும்பி
என் முகத்தைப் பார்த்தான்.

விரல் காட்டும் இடத்தைப் பாருங்க என்று
மிஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னவ.
நான் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
மான் போய்விட்டது.